‘நான் பேசுவது கேட்கிறதா?’: நேரலைச் செய்தி எங்கே தடுமாறுகிறது

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒரு டிவி உண்டு. ஊர் கேரளத்துக்குள் இருந்தாலும் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். அதனால் அந்த டிவியில் கொஞ்ச நேரம் தமிழ்ச் செய்தி, கொஞ்ச நேரம் மலையாளச் செய்தி என்று மாறி மாறி ஓடும். போன மழைக்காலத்தில் ஒருநாள் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பக்கம் சென்னை ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பவர். வலது பக்கம் வாளையாரில் மழைக்குள் ஒரு கையில் குடையும் மறுகையில் மைக்குமாக நிற்கும் செய்தியாளர். “அங்கே நிலவரம் எப்படி இருக்கிறது?” என்று கேள்வி போனது. அவர் வாயைத் திறக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு நொடி. பிறகு காதைத் தொட்டபடி, “நான் பேசுவது கேட்கிறதா?” என்றார். கடையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்து இதழியல் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டும் சிரிக்காமல் என்னிடம் கேட்டாள்: “அவருக்கு என்ன ஆச்சு மாமா? பேச வேண்டியது மறந்துபோச்சா?”

நான் ஏழு வருடம் இந்த எல்லைப் பக்கம் வரும் தமிழ் டிவி செய்தியாளர்களோடு அலைந்தவன். வண்டி ஓட்டுவேன், கருவிப் பையைச் சுமப்பேன், மலையாளம் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் நின்று பொருள் சொல்வேன். ஆளியாறு தண்ணீர் கேட்டு மூலத்தராவில் விவசாயிகள் உட்கார்ந்தபோதும், வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் தேங்கியபோதும் அந்தக் குடைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதனால் அவளுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். டீ ஆறிப்போனதே தவிர, சொல்லி முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நேரலை என்றால் நடக்கும்போதே தெரிவது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கேமராவில் பதிந்த படம் நம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பல கை மாறுகிறது. ஒரு பெட்டி படத்தைச் சுருக்கும், அப்புறம் அனுப்பும். சென்னையில் இன்னொரு பெட்டி அதை வாங்கி விரிக்கும். ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் நேரம் கரையும்.

முன்பெல்லாம் ஓபி வேன் வரும். கூரையில் பெரிய தட்டு ஆன்டெனா வைத்த வண்டி. அது செயற்கைக்கோளுக்குப் படத்தை அனுப்பும். அந்தச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே ஏறிக் கீழே இறங்க எப்படியும் 72,000 கிலோமீட்டர். நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகிவிடும். கேள்வியும் பதிலும் இதே வழியில் போய் வந்தால் அரை நொடி. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் ஆகும் நேரம் இதற்கு மேல்.

இப்போது பெரும்பாலும் முதுகில் மாட்டும் பைதான். பேக்பேக் என்றே சொல்வார்கள். அதற்குள் பல சிம் கார்டுகள் இருக்கும். படத்தைத் துண்டு துண்டாக்கி, இந்தத் துண்டு இந்த சிம்மில், அந்தத் துண்டு அந்த சிம்மில் என்று அனுப்பும். சென்னையில் இருக்கும் கருவி எல்லாத் துண்டுகளையும் வாங்கி வரிசைப்படுத்த வேண்டும். கடைசியில் வரும் துண்டுக்காகக் காத்திருந்தால்தான் படம் கிழியாமல் ஓடும். அந்தக் காத்திருப்புதான் நாம் பார்க்கும் தாமதம். சிக்னல் நன்றாக இருந்தால் ஓரிரு நொடி. சிக்னல் மோசமானால், படம் உறைந்து நிற்காமல் இருப்பதற்காக இந்தத் தாமதத்தை வேண்டுமென்றே கூட்டி வைப்பார்கள். எங்கள் எல்லையில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு சிம் கேரளத்து டவரைப் பிடித்திருக்கும், இன்னொன்று தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருக்கும். வேலந்தாவளம் சாலையில் பத்தடி தள்ளி நின்றால் எல்லாம் மாறிவிடும். நிற்க நல்ல இடம் தேடுவதே என் வேலையில் பாதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. செய்தியாளரின் படமும் குரலும் இந்த மெதுவான வழியில் போகின்றன. ஆனால் ஸ்டுடியோவின் கேள்வி அவர் காதுக்கு வருவது பெரும்பாலும் சாதாரண போன் அழைப்பில். அது உடனே வந்துவிடும். அவர் கேள்வியைக் கேட்ட அடுத்த கணமே பேசத் தொடங்கியிருப்பார். நமக்குத்தான் அது மூன்று நொடி கழித்துத் தெரியும். அந்த மூன்று நொடியில் நாம் பார்க்கிற முகம், கேள்வி வருவதற்கு முன்பு சும்மா நின்றிருந்த முகம். இதற்குள் ஸ்டுடியோவில் இருப்பவர், கேள்வி போய்ச் சேரவில்லை என்று நினைத்து மறுபடி கேட்பார். அந்த இரண்டாவது கேள்வி, செய்தியாளர் பாதிப் பதிலில் இருக்கும்போது அவர் காதில் விழும். அவர் நிறுத்துவார். அவர் நிறுத்தியது ஸ்டுடியோவுக்குத் தெரிய இன்னும் மூன்று நொடி. இப்படியே இரண்டு பேரும் மாறி மாறி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அன்று வாளையாரில் இதோடு போனும் கட்டாகியிருக்க வேண்டும். போன் கட்டானால் செய்தியாளருக்கு ஸ்டுடியோ இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தான் நேரலையில் இருக்கிறோமா என்பதும் தெரியாது. ‘கேட்கிறதா’ என்ற ஒரு சொல்தான் அவர் கையில் மிச்சம்.

அனுபவப்பட்ட செய்தி வாசிப்பவர்கள் கேள்வியை முழுதாக ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். எத்தனை நொடி ஆனாலும் இடையில் புகமாட்டார்கள். பார்ப்பதற்குச் சின்ன விஷயம். நேரலையில் நிற்பவனுக்கு அது பெரிய உதவி.

காதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செய்தியாளருக்கு அனுப்பும் ஒலியில் அவருடைய சொந்தக் குரலை மட்டும் கழித்துவிட்டு மற்றதை அனுப்ப வேண்டும். யாராவது அதைக் கழிக்க மறந்துவிட்டால் அவர் பேசியது சற்று நேரம் கழித்து அவர் காதிலேயே திரும்பி வரும். சொந்தக் குரல் கால் நொடி அளவு தாமதமாகக் காதில் விழுந்தால் பெரும்பாலானவர்களால் சீராகப் பேச முடியாது. வார்த்தை இழுபடும், திக்கும், சில பேருக்கு நின்றே போகும். இது ஆய்வுக்கூடங்களில் நெடுநாளாகத் தெரிந்த உண்மை. அப்படித் திக்குபவரைப் பார்த்து ‘இவருக்குப் பேச வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த நேரத்தில் இயர்போனைக் கழற்றிவிட்டுப் பேசினால் சரியாகிவிடும். ஆனால் கழற்றினால் அடுத்த கேள்வி கேட்காது.

சரி, ஸ்டுடியோவுக்குள் போவோம். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அறையில் தயாரிப்பாளரும் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேசுவது டாக்பேக் என்ற உள் ஒலி இணைப்பு வழியாகச் செய்தி வாசிப்பவரின் காதில் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். “விருந்தினர் வரல, அடுத்த செய்திக்குப் போங்க.” “இன்னும் 20 நொடி.” “போன் லைன் ரெடி.” வாயில் ஒரு வாக்கியம் போய்க்கொண்டிருக்கும்போதே காதில் இன்னொரு வாக்கியம் ஏறும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது பழகி வரும் கலை. எப்போதாவது காதில் விழுந்தது வாய் வழியாக வெளியே வந்துவிடும்.

கண்ணுக்கு முன்னால் டெலிப்ராம்ப்டர். கேமரா லென்சுக்கு முன் சாய்வாக ஒரு கண்ணாடி, கீழே ஒரு திரை. திரையில் எழுத்து இடவலம் மாறி ஓடும், கண்ணாடியில் நேராகத் தெரியும். வாசிப்பவர் நம்மைப் பார்த்துப் பேசுவதுபோல் தோன்றுவது இதனால்தான். எழுத்தை ஓட்டுவதற்குத் தனியாக ஓர் ஆள் உண்டு. அவர் கை வேகமானால் வாசிப்பவர் மூச்சுத் திணறுவார். முன்கூட்டி ஒருமுறை படித்துப் பார்க்க நேரம் கிடைக்காத செய்தி அதில் வந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். 2014 செப்டம்பரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் இந்தியா வந்தபோது தூர்தர்ஷனின் ஆங்கிலச் செய்தியில் அவர் பெயர் ‘லெவன் ஜின்பிங்’ என்று வாசிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்பதற்கு வரும் இரண்டு எழுத்துகள் எக்ஸ், ஐ. ரோமன் எண்ணாகப் பார்த்தால் அது பதினொன்று. கண் அதை எண்ணாகப் பிடித்தது, வாய் சொல்லிவிட்டது. வாசித்தவர் நிரந்தர ஊழியர்கூட இல்லை, அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை. வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்திருக்கும் நாளில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உச்சரிப்பை எழுதி வைப்பது எழுதித் தருபவரின் பொறுப்பு. தவறு பல கைகளில் இருந்தது. தண்டனை திரையில் தெரிந்த முகத்துக்கு மட்டும் போனது.

இப்படி முகம் மாட்டிக்கொள்வதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2006 மே 8. லண்டனில் பிபிசி நியூஸ் 24 சேனல். ஆப்பிள் கணினி நிறுவனத்துக்கும் பீட்டில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் தீர்ப்பு வந்த நாள். அதைப் பற்றிப் பேச கய் கியூனி என்ற தொழில்நுட்ப எழுத்தாளரை அழைத்திருந்தார்கள். அதே கட்டடத்தின் இன்னொரு வரவேற்பறையில் கய் கோமா என்பவர் உட்கார்ந்திருந்தார். காங்கோ நாட்டிலிருந்து வந்தவர். பிபிசியில் கணினி சார்ந்த ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்காக வந்திருந்தார். அழைத்துப் போக வந்தவர் தவறான வரவேற்பறைக்குப் போய் ‘கய் கியூனியா?’ என்று கேட்க, ‘கய்’ என்பது காதில் விழுந்ததும் தன் பெயர்தானே என்று இவர் எழுந்து போனார். மைக் மாட்டினார்கள். கேமராவுக்கு முன் உட்கார வைத்தார்கள். தொகுப்பாளர் இவரை ‘கய் கியூனி’ என்று அறிமுகப்படுத்தும் அந்தக் கணத்தில் கோமாவின் கண்கள் விரிந்து வாய் திறந்ததை உலகமே பார்த்தது.

அடுத்து அவர் செய்ததைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்ல நினைக்கிறேன். எழுந்து ஓடவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை. தெரிந்த வரைக்கும் பணிவாகப் பதில் சொன்னார். இனி எல்லோரும் இணையத்திலிருந்தே பாட்டுகளைத் தரவிறக்கிக்கொள்வார்கள் என்ற அளவில் பேசி முடித்தார். உண்மையான கியூனி வேறொரு அறையில் உட்கார்ந்து, தன் பெயரில் வேறொருவர் பேசுவதை அங்கிருந்த டிவியிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கோமா பிறகு தன் நேர்முகத் தேர்வுக்கும் போனார். அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை, விருந்தினரையே தன் முழுப்பெயரைச் சொல்லச் சொல்லியிருந்தால் போதும். ஆளுக்கு ஆள், முந்தியவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பினார்கள். நேரலைத் தவறுகளில் நான் கண்ட பொதுவான வேர் இந்த நம்பிக்கைதான்.

திரையின் கீழே ஓடும் எழுத்தில் வரும் தவறுகள் தனி வகை. நிறையச் சேனல்களில் அந்த வரியைத் தட்டுபவர் செய்தி வாசிப்பவரிடமிருந்து நான்கு அறை தள்ளி உட்கார்ந்திருப்பார். 2022 மே மாதம் பிபிசியின் செய்தித் திரையில், மான்செஸ்டர் யுனைடெட் அணி ஒன்றுக்கும் உதவாது என்ற பொருளில் ஒரு வரி ஓடியது. அந்தக் கருவியை இயக்கக் கற்றுக்கொண்டிருந்த ஒருவர் பயிற்சிக்காக எதையோ தட்டியிருக்கிறார், அது நேராக வெளியே போய்விட்டது. தொகுப்பாளர் அன்றே காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்டார். யாருக்கும் காயம் இல்லை. அத்தோடு முடிந்தது.

எல்லாத் தவறும் அப்படி முடியாது. 2008 செப்டம்பர் 10ஆம் தேதி டைம்ஸ் நவ் சேனலில் காசியாபாத் வருங்கால வைப்பு நிதி முறைகேடு பற்றிய செய்தி. அதில் பேசப்பட்ட நீதிபதியின் பெயர் சமந்தா. திரையில் வந்த படம் பி.பி. சாவந்துடையது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர், இந்திய பிரஸ் கவுன்சிலுக்குத் தலைவராகவும் இருந்தவர். ஒலி நெருங்கிய இரண்டு பெயர்கள், சேமிப்பிலிருந்து அவசரமாக எடுத்த ஒரு படம், சுமார் 15 நொடி. வெளிப்படையான மன்னிப்பு உடனே வரவில்லை. சில நாள் கழித்துத்தான் வந்தது. சாவந்த் வழக்குப் போட்டார். 2011இல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகை சரியா என்று சட்டம் தெரிந்தவர்கள் நிறைய விவாதித்தார்கள், வழக்கு மேல்முறையீட்டுக்கும் போனது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: 15 நொடித் தவறைவிட, அதற்குப் பிந்திய மௌனம்தான் அந்த மனிதரை அதிகம் புண்படுத்தியிருக்கும்.

ஒலி நெருங்கிய பெயர் என்றதும் எங்கள் பக்கத்து ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. சித்தூர் என்றால் எங்களுக்குப் பாலக்காட்டுச் சித்தூர், பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடலாம். சென்னையில் இருப்பவருக்குச் சித்தூர் என்றால் ஆந்திரம். கூடலூர் நீலகிரியிலும் இருக்கிறது, தேனியிலும் இருக்கிறது, இரண்டுமே கேரள எல்லையில். கொல்லங்கோடு பாலக்காட்டிலும் உண்டு, குமரி மாவட்டத்தில் கடலோரமாகவும் உண்டு, அதுவும் எல்லைதான். வரைபடங்கள் முன்கூட்டியே செய்து வைத்திருப்பார்கள், பெயரைத் தட்டினால் வந்துவிடும். நம் ஊர்க் காட்டுத்தீயை ஆந்திர வரைபடத்தில் காட்டுவதற்கு ஒரு தட்டல் போதும். அதனால்தான் எங்களோடு வந்த அனுபவசாலிகள், சென்னையில் செய்தியைத் தொகுக்கும் டெஸ்க்குக்குப் பேசும்போது ‘சித்தூர்’ என்று ஒருபோதும் தனியாகச் சொல்லமாட்டார்கள். ‘பாலக்காட்டுச் சித்தூர்’ என்று மாவட்டத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

எல்லைக்காரன் என்ற முறையில் நான் அதிகம் சொல்ல வேண்டியது மொழியைப் பற்றி. தமிழும் மலையாளமும் அக்கா தங்கை மாதிரி. அந்த நெருக்கம்தான் நேரலையில் காலை வாரிவிடும். தெலுங்கோ இந்தியோ என்றால் செய்தியாளர் ‘எனக்குப் புரியவில்லை’ என்று ஆள் தேடுவார். மலையாளத்தைக் கேட்கும்போது புரிந்ததுபோல் இருக்கும்.

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நாம் சொல்லும் வெள்ளத்துக்கு அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். ஒரு பெண்மணி கேமராவைப் பார்த்து “மூன்னு திவசமாயி வெள்ளமில்லா” என்று அழுதால், மூன்று நாளாகக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். பக்கத்தில் நிற்பவர் அதை ‘மூன்று நாளாக வெள்ளம் வடிந்துவிட்டதாக மக்கள் தெரிவிக்கிறார்கள்’ என்று மொழிபெயர்த்தால் அந்தம்மாவின் தாகம் ஊருக்கு நற்செய்தியாகப் போய்ச் சேரும். பனி என்றால் அங்கே காய்ச்சல். மழைக்காலத்தில் எலிப்பனி என்று மலையாளச் சேனல்கள் சொல்வது எலியிடமிருந்து பரவும் காய்ச்சலை. ‘கழிஞ்ஞ கொல்லம்’ என்றால் போன வருடம், கொல்லம் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பலத்த மழைக்கு முந்திய இரவு பாலக்காடு கலெக்டர் ‘அவதி’ அறிவித்தார் என்று கேட்டால் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை.

இவற்றிலெல்லாம் கொடியது ஓர் இணை உண்டு. மறிஞ்ஞு, மரிச்சு. முதலாவது கவிழ்ந்தது. இரண்டாவது இறந்தது. நின்று நிதானமாகக் கேட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மழையில், லாரி ஹாரனுக்கு நடுவில், காதில் டெஸ்க் “எத்தனை பேர், எத்தனை பேர்” என்று கத்தும்போது தெரியாது. இதற்குத் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் அவசரத்தைப் பற்றி. நேரலையில் நடக்கும் பெரிய தவறுகளுக்குக் கருவி காரணமாக இருப்பது குறைவு. முதலில் சொல்ல வேண்டும் என்ற துடிப்புதான் காரணம். 2012 ஜூன் 28ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்ற பிரிவு செல்லுமா என்பதுதான் கேள்வி. தீர்ப்பின் முன்பகுதியில், வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் அது செல்லாது என்று இருந்தது. சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் அந்தப் பிரிவு செல்லாது என்று அறிவித்துவிட்டன. இன்னும் சில பக்கம் புரட்டியிருந்தால், வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்று எழுதியிருந்தது தெரிந்திருக்கும். சட்டம் நிலைத்தது. சில நிமிடங்களில் இரண்டு சேனல்களும் மாற்றிச் சொல்ல வேண்டி வந்தது.

நம் மக்கள் மறக்க முடியாத மாலை 2016 டிசம்பர் 5. முந்தின நாள் மாலையே முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு மாரடைப்பு என்ற செய்தி வந்திருந்தது. மறுநாள் மாலை ஐந்தரை மணியளவில் பல தமிழ்ச் சேனல்கள் அவர் காலமாகிவிட்டார் என்று அறிவித்தன. சென்னையில் அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அப்பல்லோ மருத்துவமனை, சிகிச்சை தொடர்கிறது என்று மறுத்தது. கொடி மறுபடி ஏறியது. அன்று இரவு 11.30 மணிக்கு அவர் இறந்ததாக நள்ளிரவு தாண்டி அதிகாரப்பூர்வமாக அறிவித்தார்கள். அன்று மாலை எங்கள் ஊரில் கடைகள் ஷட்டரை இறக்கி, பாதி ஏற்றி, மறுபடி இறக்கினதைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் போக வேண்டியவர்கள் பஸ் இருக்குமா இருக்காதா என்று தெரியாமல் மீனாட்சிபுரத்தில் நின்றார்கள். மருத்துவமனை சொல்லும் வரை காத்திருப்போம் என்று ஒரு சேனலாவது முடிவெடுத்திருந்தால் அதற்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்? சில மணி நேரம் பின்தங்கியிருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்த அறைக்குள் சுவர் முழுக்க மற்றச் சேனல்கள் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே நான்கு திரையில் ஒரே வரி சிவப்பில் வந்துவிட்டால், ஐந்தாமவர் அதையே உறுதிப்படுத்தலாக எடுத்துக்கொள்கிறார். நான்கு பேரும் ஒரே இடத்திலிருந்து கேட்டிருக்கலாம் என்பது அப்போது தோன்றாது.

தவறு என்று பெயர் வைக்கக் கூடாத சிலவும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. 2024 ஏப்ரலில் கொல்கத்தா தூர்தர்ஷனில் வெப்ப அலை பற்றிய செய்தியை வாசித்துக்கொண்டிருந்தவர் நேரலையிலேயே மயங்கிச் சரிந்தார். ஸ்டுடியோவில் குளிரூட்டும் கருவி சரியாக வேலை செய்யவில்லை. அந்தக் காட்சியை வேடிக்கை வீடியோக்களின் நடுவே சேர்த்து அனுப்பியவர்களும் இருந்தார்கள். உடம்புக்கு முடியாமல் விழுந்தவரைப் பார்த்துச் சிரிப்பது நம் வழக்கம் இல்லை. டிவி திரையில் நடந்தால் மட்டும் அது எப்படி மாறும் என்று எனக்குப் புரியவில்லை.

இப்போது மறிஞ்ஞுவுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலக் காலை. எல்லைக்கு இந்தப் பக்கம், காய்கறி ஏற்றி வந்த ஒரு வேன் சாலையோரப் பள்ளத்தில் கவிழ்ந்தது. நாங்கள் போவதற்குள் வேனில் இருந்தவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருவதற்குள் எங்களோடு வந்த செய்தியாளர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர், ஒரு பெரியவரிடம் கேட்டிருக்கிறார். அவர் சொன்னது இது: “மூன்னு பேர் உண்டாயிருந்நு, வண்டி மறிஞ்ஞு.” மூன்று பேர் இருந்தார்கள், வண்டி கவிழ்ந்தது. செய்தியாளர் காதில் போன் இருந்தது. அப்படியே சொன்னார். இரண்டு நிமிடத்தில் திரையில் சிவப்பு எழுத்து: வேன் கவிழ்ந்து மூவர் பலி. வண்டி எண்ணோடு படமும் போனது.

மூவரும் உயிரோடு இருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிவு, மற்ற இருவருக்குச் சிராய்ப்பு. நான் பெரியவரிடம் மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டு ஓடிப்போய்ச் சொன்னதும் செய்தியாளரின் முகம் வெளுத்துவிட்டது. உடனே டெஸ்க்குக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த வரி திரையிலிருந்து காணாமல் போனது. வேறு செய்தி வந்துவிட்டது. ‘எடுத்தாச்சு’ என்று அங்கிருந்து பதில் வந்தது.

எடுப்பது வேறு, திருத்துவது வேறு. தொடங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் இது. எடுத்துவிட்டால் இனிமேல் பார்ப்பவருக்குத் தவறு தெரியாது. ஏற்கெனவே பார்த்தவர் அதையே உண்மை என்று சுமந்துகொண்டு திரிவார். திருத்தம் என்றால், என்ன சொன்னோம், அது தவறு, சரியானது இது என்று மூன்றையும் சேர்த்து, முன்பு சொன்ன அதே அளவு சத்தத்தோடு சொல்வது.

வேன் ஓட்டுநரின் வீடு பொள்ளாச்சிக்குப் பக்கத்தில். வண்டி எண்ணைப் பார்த்து யாரோ அவருடைய அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். செய்தியாளர் என்னைக் கூட்டிக்கொண்டு மதியமே அந்த வீட்டுக்குப் போனார். அதற்குள் மகன் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசியிருந்தார். ஆனாலும் திண்ணையில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். யாரோ வாங்கி வந்த மாலை ஒரு பையில் சுருண்டு கிடந்தது. செய்தியாளர் அந்தம்மாவின் முன்னால் உட்கார்ந்து, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்று சொன்னார். அந்தம்மா திட்டவில்லை.

“எங்கிட்டச் சொன்னாப் போதுமா கண்ணு? டிவியில சொல்லிப்போடுங்க. ஊரே பார்த்துச்சல்லோ.”

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் டெஸ்க்கோடு போனில் பேசிக்கொண்டே வந்தார். ஓடிப்போன செய்தியை எதற்குக் கிளற வேண்டும் என்று அந்தப் பக்கம் கேட்டது எனக்கும் கேட்டது. இவர் விடவில்லை. எல்லையில் இருக்கும் கோபாலபுரம் தாண்டும்போதுதான் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று இரவு 8 மணிச் செய்தியில் அது வந்தது. காலையில் மூவர் பலி என்று சொன்னது தவறு, மூவரும் நலமாக இருக்கிறார்கள், குடும்பத்தாரிடம் வருத்தம் தெரிவிக்கிறோம். இதே டீக்கடையில் நின்றுதான் பார்த்தோம். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 11 நொடி வந்தது.